நகரத் தகுதியும் ஊரின் பெருமையும்: பிரித்தானியச் சிறுநகரங்களோடு ஒப்பிட்டுத் திருவண்ணாமலை ரமணாசிரமப் பகுதி

ஆய்வுச் சுருக்கம்

ஓர் ஊர் எப்போது நகரமாகிறது என்ற வினாவுக்குப் பிரித்தானிய மரபும் தமிழகத்தின் உள்ளாட்சி மரபும் வேறுவேறு விடைகளைத் தருகின்றன. முன்னதில் அரசுரிமை ஆணையும் பேராலயமும் அளவுகோல்கள். பின்னதில் மக்கள்தொகையும் வருவாயும் அளவுகோல்கள். பிரித்தானியாவிலும் அதன் கடல்கடந்த ஆட்சிப்பகுதிகளிலும் உள்ள சிறுநகரங்கள் தகுதி பெற்ற முறையை எடுத்துக்காட்டி, பிரித்தானிய ஆட்சிக்காலத்தில் நகராட்சியான திருவண்ணாமலையையும், அதன் தென்மேற்கு விளிம்பில் 1922-க்குப் பின் உருவான ரமணாசிரமப் பகுதியையும் இக்கட்டுரை ஒப்பிட்டு விளக்குகிறது. இவ்விரு மரபுகளையும் குறிக்கும் தமிழ்ச் சொற்களைக் கையாள்வதில் உள்ள சிக்கலும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: நகரத் தகுதி, நகராட்சி, பேராலயம், திருவண்ணாமலை, ரமணாசிரமம், சொல்லாக்கம்.

முன்னுரை

தமிழக உள்ளாட்சி அமைப்பின் வரலாற்றை எழுதுவோர் நகராட்சி முறை ஆங்கிலேயர் தந்தது என்று குறிப்பிடுவது வழக்கம். இக்கூற்று ஓரளவே பொருந்தும். நகராட்சி மன்றம், வரிவிதிப்பு, தலைவர் தேர்தல் முதலிய அமைப்பு வடிவங்கள் பிரித்தானியாவிலிருந்து வந்தன என்பது உண்மை. எனினும், எந்த ஊரை நகரம் என அழைப்பது என்பதற்குப் பிரித்தானியர் தம் நாட்டில் பின்பற்றிய அளவுகோல் வேறு. சென்னை மாகாணத்தில் பின்பற்றிய அளவுகோல் வேறு. இவ்வேறுபாட்டின் விளைவைத் தெளிவாகக் காண்பதற்குக் கோயிலை மையமாகக் கொண்ட ஊர் ஒன்று பொருத்தமான சான்றாக அமையும். திருவண்ணாமலை அத்தகைய ஊர். அவ்வூரின் புறத்தே தோன்றிய ரமணாசிரமப் பகுதி, நிருவாகத் தகுதி எதுவுமின்றியே இலண்டன் வாசகர்களுக்கு அறிமுகமான இடம். இவ்விரண்டையும் ஒருங்கே நோக்கும்போது தகுதி, பெருமை, அளவு என்னும் மூன்றும் ஒன்றல்ல என்பது புலனாகும்.

நகர், நகரம்: தமிழ்ச் சொல்வழக்கு

சங்க இலக்கியத்தில் ‘நகர்’ என்னும் சொல் ஊரை மட்டும் குறிப்பதன்று. மாளிகை, அரண்மனை, கோயில் ஆகிய பொருள்களிலும் அது பயில்கிறது. புறநானூற்றில் சிவன் கோயிலைக் குறிக்கும் சொல்லாகவும் ‘நகர்’ வந்துள்ளது. கோயிலும் குடியிருப்பும் ஒரே சொல்லால் சுட்டப்பட்ட நிலை இதனால் விளங்கும். கடற்கரை ஊர்களைப் ‘பட்டினம்’, ‘பாக்கம்’ என்னும் சொற்கள் குறித்தன.

சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘நகரம்’ என்பது வணிகர் குழுவையும் அக்குழு ஆளும் ஊரையும் குறிக்கும் ஆட்சிச் சொல்லாக மாறுகிறது. வேளாளர் ஊர்களில் ‘ஊர்’, பிரமதேயங்களில் ‘சபை’, வணிக ஊர்களில் ‘நகரம்’ என மூவகை மன்றங்கள் இயங்கியதைக் கல்வெட்டாய்வாளர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். எனவே தமிழ் மரபில் நகரம் என்பது முதலில் கட்டடத்தையும், பின்னர் ஒரு மன்றத்தையும், அதன் பின்னரே பெரிய ஊரையும் சுட்டியது எனலாம். மக்கள்தொகை மிகுந்த ஊரே நகரம் என்னும் இன்றைய பொருள் காலத்தால் பிற்பட்டது.

பிரித்தானியாவில் நகரத் தகுதி

பிரித்தானியாவில் ஊர்ப்பிரிவுகள் தமிழகத்தில் உள்ளவை போல ஒரே ஏணியின் படிகளாக அமையவில்லை. நகரத் தகுதி என்பது அரசுரிமையின் கொடை. அத்தகுதி பெற்ற ஊருக்குக் கூடுதல் அதிகாரமோ நிதியோ கிடைப்பதில்லை. பெயரும் மதிப்பும் மட்டுமே கிடைக்கின்றன. இதற்கு மாறாக, சிறிய ஊரின் மன்றம் தன்னை நகர மன்றம் என அழைத்துக்கொள்ளத் தானே தீர்மானம் இயற்றிக்கொள்ளலாம். 1972ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் அதற்கு இடமளிக்கிறது. அதாவது, கீழ்நிலைப் பெயரை ஊரே சூட்டிக்கொள்ளலாம். மேல்நிலைப் பெயரை அரசர் மட்டுமே அளிக்க முடியும்.

இடைக்காலம் முதலே ஆயர் இருக்கையாகிய பேராலயம் அமைந்த ஊர்கள் நகரங்களாகக் கருதப்பட்டன. எட்டாம் ஹென்றி 1540களில் புதிய மறைமாவட்டங்களை ஏற்படுத்தியபோது பிரிஸ்டல், செஸ்டர், குளோஸ்டர், ஆக்ஸ்போர்டு, பீட்டர்பரோ ஆகியவை நகரத் தகுதி எய்தின. இம்மரபு 19ஆம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது. கார்ன்வால் பகுதியின் ட்ரூரோ 1876-இல் மறைமாவட்டத் தலைமையிடமானது, 1877-இல் நகரமானது.

தொழிற்புரட்சி இம்மரபைச் சோதனைக்கு உள்ளாக்கியது. பேராலயம் இல்லாத, ஆனால் மக்களும் செல்வமும் நிறைந்த ஊர்கள் தகுதி கோரின. 1888-இல் பெல்பாஸ்ட், 1889-இல் பர்மிங்காம் ஆகியவை நகரங்களாக அறிவிக்கப்பட்டன. பர்மிங்காமின் புனித பிலிப் ஆலயம் பேராலயமானது 1905-இல்தான். பேராலயத்துக்கும் நகரத் தகுதிக்கும் இருந்த கட்டாயத் தொடர்பு இவ்வாறு நெகிழ்ந்தது. பழைய நகரங்களின் தகுதி மட்டும் அப்படியே நிலைத்தது.

இதன் விளைவாக இன்று காணப்படும் நிலை வியப்புக்குரியது. வேல்சின் மேற்குக் கோடியில் உள்ள செயின்ட் டேவிட்ஸ் 2,000-க்கும் குறைந்த மக்களைக் கொண்டது. 1994-இல் அதன் நகரத் தகுதி மீட்டளிக்கப்பட்டது. சோமர்செட்டின் வெல்ஸ் ஏறத்தாழ 11,000 மக்களையே கொண்ட பழம்பெரும் நகரம். ஆனால் 1,74,000 பேர் வாழும் ரெடிங், 2,00,000-க்கும் மேற்பட்டோர் வாழும் நார்தாம்ப்டன் ஆகியவை இன்றும் நகரத் தகுதி பெறவில்லை.

தகுதி ஆவணத்தைச் சார்ந்தது என்பதற்கு ரோச்செஸ்டரின் வரலாறு சான்றாகும். இடைக்காலம் தொட்டு நகரமாக விளங்கிய ரோச்செஸ்டர், 1998-இல் மெட்வே என்னும் புதிய நிருவாகப் பகுதிக்குள் அடங்கியபோது, நகரத் தகுதியைக் காப்பதற்குரிய சாசன அறங்காவலர்கள் நியமிக்கப்படவில்லை. அதனால் தகுதி அற்றுப்போயிற்று. பேராலயமும் கோட்டையும் மக்களும் இருந்த இடத்திலேயே இருந்தனர். ஆவணத்தில் மட்டும் ஊரின் பெயர் இல்லை. இந்த இழப்பு 2002-இல்தான் உள்ளூர் மன்றத்துக்குத் தெரியவந்தது.

கடல்கடந்த ஆட்சிப்பகுதிகள்

பிரித்தானியாவின் கடல்கடந்த ஆட்சிப்பகுதிகளிலும் இதே மரபு செயற்பட்டது. தெற்கு அட்லாண்டிக்கில் உள்ள செயின்ட் ஹெலினா தீவின் ஜேம்ஸ்டவுன் 1859-இல் நகரமானது. அவ்வாண்டிலேயே அத்தீவுக்கு மறைமாவட்டம் அமைந்தது. இன்று அதன் மக்கள்தொகை 1,000-ஐ எட்டவில்லை. பெர்முடாவின் ஹாமில்டன் 1897-இல் நகரத் தகுதி பெற்றது.

ஜிப்ரால்டரின் நிலை ரோச்செஸ்டருக்கு நேர்மாறானது. அங்கு மறைமாவட்டம் ஏற்பட்ட 1842-இல் விக்டோரியா அரசியார் காலத்தில் நகரத் தகுதி வழங்கப்பட்டிருந்தும், அதிகாரப்பூர்வப் பட்டியல்களில் அவ்வூர் நெடுங்காலம் இடம்பெறவில்லை. 2022-இல் நகரத் தகுதிப் போட்டிக்கு ஜிப்ரால்டர் விண்ணப்பித்தபோது ஆவணக் காப்பகத்தில் தேடியதில், முன்னரே அது நகரம் என்பது வெளிப்பட்டது. அதே 2022-இல் அரசியின் எழுபதாம் ஆட்சியாண்டு விழாவையொட்டி எட்டு ஊர்கள் நகரங்களாயின. அவற்றுள் பாக்லாந்துத் தீவுகளின் ஸ்டான்லி, மான் தீவின் டக்ளஸ் ஆகிய இரண்டும் ஐக்கிய இராச்சியத்துக்கு வெளியே உள்ளவை. இத்தகைய போட்டியில் கடல்கடந்த பகுதிகளும் அரசுரிமைச் சார்புநிலங்களும் அனுமதிக்கப்பட்டது அதுவே முதன்முறை.

சென்னை மாகாணத்தில் நகராட்சி முறை

தமிழகத்தில் பிரித்தானிய மரபின் நேரடி வடிவம் ஒரே ஓர் ஊருக்குத்தான் வாய்த்தது. இரண்டாம் ஜேம்ஸ் ஆட்சியில் 1687 டிசம்பரில் வழங்கப்பட்ட சாசனத்தின்படி 1688 செப்டம்பரில் சென்னை மாநகராட்சி தொடங்கியது. பிரித்தானியாவுக்கு வெளியே அமைந்த பழைமையான மாநகராட்சிகளுள் அது முதன்மையானது.

பிற ஊர்களுக்குச் சாசனம் கிட்டவில்லை, சட்டமே கிட்டியது. 1865, 1871ஆம் ஆண்டுகளின் நகர மேம்பாட்டுச் சட்டங்களும், 1882-இல் ரிப்பன் பிரபு வெளியிட்ட தல சுயாட்சித் தீர்மானத்தைத் தொடர்ந்து வந்த 1884ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டமும் இதற்கு அடிப்படை. இச்சட்டங்களின் நோக்கம் ஊருக்குப் பெருமை சேர்ப்பதன்று. சாலை, துப்புரவு, மருத்துவம், காவல் முதலியவற்றுக்கு ஊராரிடமிருந்தே வரி திரட்டுவதாகும். ஆகவே வரி செலுத்தும் ஆற்றலே தகுதியின் அளவுகோலாயிற்று. வெல்ஸ் போன்ற ஊர்களுக்குப் பேராலயம் தந்த தகுதியைத் திருவரங்கத்துக்கோ சிதம்பரத்துக்கோ அங்குள்ள கோயில்கள் தரும் என்ற எண்ணம் இச்சட்டங்களில் எங்கும் இல்லை.

விடுதலைக்குப் பின்னரும் இவ்வளவுகோல் தொடர்ந்தது. 1971-இல் மதுரை மாநகராட்சியாகும்வரை தமிழகத்தில் சென்னை தவிர வேறு மாநகராட்சி இல்லை. நகராட்சிகள் ஆண்டு வருவாயின் அடிப்படையில் இரண்டாம் நிலை, முதல் நிலை, தேர்வுநிலை, சிறப்புநிலை எனத் தரம் பிரிக்கப்பட்டன. 74ஆம் அரசமைப்புத் திருத்தத்தால் சேர்ந்த 243-கியூ பிரிவு மக்கள்தொகை, மக்கள் அடர்த்தி, உள்ளாட்சி வருவாய், வேளாண்மை அல்லாத தொழில்களில் ஈடுபட்டோர் விழுக்காடு, பொருளாதார முக்கியத்துவம் ஆகியவற்றைக் கருத்தில் கொள்ளுமாறு கூறுகிறது. ஆளுநர் பொருத்தமெனக் கருதும் பிற காரணிகளுக்கும் அப்பிரிவில் இடமுண்டு.

திருவண்ணாமலை: கோயிலூர் நகராட்சியான வரலாறு

அப்பரும் சம்பந்தரும் பாடிய தலம் திருவண்ணாமலை. ஏறத்தாழ 25 ஏக்கர் பரப்புள்ள அண்ணாமலையார் கோயிலின் கிழக்கு இராசகோபுரம் 11 நிலைகளையும் 217 அடி உயரத்தையும் உடையது. கிருஷ்ணதேவராயர் காலத்தில் தொடங்கித் தஞ்சை நாயக்கர் காலத்தில் நிறைவுற்றது. 1767 செப்டம்பரில் முதலாம் மைசூர்ப் போரின்போது ஜோசப் ஸ்மித் தலைமையிலான கும்பினிப் படைக்கும் ஐதர் அலி, நிசாம் படைகளுக்கும் இவ்வூரருகே போர் நிகழ்ந்தது. 1801-இல் கருநாடகப் பகுதி கும்பினி ஆட்சியின் கீழ் வந்தது.

திருவண்ணாமலை 1886-இல் நகராட்சியாயிற்று. அப்போது அது தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1906-இல் பிரான்சிஸ் தொகுத்த தென்னார்க்காடு மாவட்டச் சுவடியும் அதனை அம்மாவட்ட ஊராகவே விவரிக்கிறது. பின்னர் வடார்க்காட்டுடன் இணைக்கப்பட்டது. 1989 செப்டம்பர் 30-இல் தனி மாவட்டத் தலைநகரானது. 2011 கணக்கெடுப்பின்படி நகராட்சியின் மக்கள்தொகை 1,45,278. 2024-இல் மாநகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்டது. பேராலய அளவுகோல் பின்பற்றப்பட்டிருப்பின் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே கிடைத்திருக்கக்கூடிய தகுதி, வருவாய் அளவுகோலின்படி 138 ஆண்டுகள் கழித்து முழுமை பெற்றது.

சிறிய ஊர் ஆவணங்களில் எவ்வாறு மறைகிறது என்பதற்குத் திருவண்ணாமலையின் இருப்புப்பாதையும் சான்று தருகிறது. 1896 ஆகஸ்டு 29-இல் மதுரையிலிருந்து புறப்பட்ட வேங்கடராமன் என்னும் 16 வயது மாணவர், பின்னாளில் ரமண மகரிஷி எனப் பெயர் பெற்றவர், பழைய நிலப்படம் ஒன்றைப் பார்த்துத் திருவண்ணாமலைக்கு அண்மையான நிலையம் திண்டிவனம் என எண்ணி அங்குச் செல்லப் பயணச்சீட்டு வாங்கினார். விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை வழியாகப் புதிதாகப் போடப்பட்டிருந்த பாதை அப்படத்தில் இல்லை. வண்டியில் உடன் வந்தவர் ஒருவர் சொன்ன பின்னரே விழுப்புரத்தில் இறங்கினார். கையில் பணம் குறைந்தமையால் இடையில் நடந்து, கீழூரில் காதணிகளை அடகு வைத்து, செப்டம்பர் 1-இல் திருவண்ணாமலை சேர்ந்தார். நகராட்சியாகிப் பத்தாண்டுகள் ஆன ஓர் ஊர், மதுரை மாணவர் ஒருவரின் கையில் கிடைத்த படத்தில் இரயில் நிலையமற்ற ஊராகவே இருந்தது என்பது கருதத்தக்கது.

ரமணாசிரமப் பகுதியின் தோற்றம்

ரமணர் கோயிலிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் தங்கிய பின்னர் 1899 முதல் 1916 வரை விரூபாட்ச குகையிலும், 1916 முதல் 1922 வரை கந்தாசிரமத்திலும் வாழ்ந்தார். 1922 மே 19-இல் அவருடைய அன்னை அழகம்மாள் மறைந்தார். மலையின் தென்புறத்து அடிவாரத்தில் பாலிதீர்த்தத்துக்கு அருகில் அவரது சமாதி அமைந்தது. அவ்வாண்டின் இறுதியில் ரமணர் அங்கேயே தங்கிவிட, சமாதியைச் சுற்றிக் கீற்றுக் கொட்டகையாகத் தொடங்கியதே இன்றைய ரமணாசிரமம். கோயிலிலிருந்து ஏறத்தாழ 2 கி.மீ. தொலைவில், செங்கம் சாலையில், 14 கி.மீ. நீளமுள்ள கிரிவலப் பாதையின் மீதே அது அமைந்துள்ளது.

இங்கு ஒரு குடியிருப்பு உருவான வரிசைமுறை கருதத்தக்கது. முதலில் சமாதி, அடுத்துத் தங்குமிடமும் சமையற்கூடமும், அதன் அருகே பலாக்கொத்துத் தோப்பில் சாதுக்களின் குடில்கள், பின்னர் அன்பர்களின் வீடுகள் கொண்ட ரமண நகர், அஞ்சலகம், அன்னையின் சமாதி மீது எழுந்து 1949 மார்ச்சு 17-இல் குடமுழுக்குக் கண்ட மாத்ருபூதேசுவரர் கோயில். 1950 ஏப்ரல் 14-இல் ரமணர் மறைந்த பின்னரும் பகுதி வளர்ந்தது. சேஷாத்திரி சுவாமிகள் ஆசிரமமும் யோகி ராம்சுரத்குமார் ஆசிரமமும் அண்மையிலேயே உள்ளன. வழிபாட்டிடத்தைச் சுற்றி ஊர் எழும் இவ்வரிசை இடைக்கால ஐரோப்பாவின் மடாலய ஊர்கள் தோன்றிய வரிசையை ஒத்தது. கோயிலையும் குடியிருப்பையும் ஒருசேரச் சுட்டிய ‘நகர்’ என்னும் சங்கச் சொல் ‘ரமண நகர்’ என்னும் பெயரில் தற்செயலாகவே தன் பழம்பொருளை மீட்டுக்கொண்டது எனலாம்.

இலண்டன் அச்சில் ஒரு மலையடிவாரம்

இப்பகுதியின் பெருமை நிருவாக வழியாகப் பரவவில்லை; அச்சு வழியாகப் பரவியது. 1911-இல் வேலூரில் காவல்துறை அதிகாரியாக இருந்த பிராங்க் ஹம்ப்ரீஸ், விரூபாட்ச குகையில் ரமணரைக் கண்டு தம் நண்பருக்கு எழுதிய மடல்கள் 1913-இல் இலண்டன் இதழொன்றில் வெளிவந்தன. 1931-இல் வந்த இலண்டன் இதழாளர் பால் பிரண்டன் எழுதிய நூல் 1934-இல் இலண்டனில் வெளியாகி ஐரோப்பிய வாசகர்களிடையே இவ்விடத்தைப் பரவலாக அறிமுகப்படுத்தியது. 1935-இல் பிரித்தானியப் படை அதிகாரி சாட்விக் ஆசிரமத்துக்கு வந்து அங்கேயே தங்கினார். 1938-இல் வந்த சாமர்செட் மாம் 1944-இல் வெளியிட்ட புதினத்தில் வரும் இந்திய ஞானி பாத்திரத்துக்கு இச்சந்திப்பு துணைநின்றது. இலண்டனில் பிறந்து ஆக்ஸ்போர்டில் பயின்ற ஆர்தர் ஆஸ்பர்ன் போர்க்காலத்தில் பாங்காக்கில் சிறைவைக்கப்பட்டு, விடுதலைக்குப் பின் 1945-இல் இங்கு வந்தார். 1964-இல் ஆசிரமத்தின் ஆங்கில இதழைத் தொடங்கினார்.

மாவட்ட ஆட்சியாளரின் பதிவுகளில் திருவண்ணாமலை வரி திரட்டும் சிறுநகராட்சி. அதே ஆட்சியாளரின் நாட்டு வாசகர்க்கு அது நெடும்பயணம் மேற்கொண்டு காணத்தக்க தலம். ஒரே ஆட்சியின் கீழ் ஓர் ஊர் பெற்ற இருவகை மதிப்பீடுகள் இவை.

ஒப்பீடும் விளைவும்

பிரித்தானிய நகரத் தகுதி பெயரளவினது. ஆகவே செயின்ட் டேவிட்ஸ் நகரமாக இருப்பதாலோ ரெடிங் நகரமாக இல்லாததாலோ அங்குக் குடிநீரும் துப்புரவும் மாறுபடுவதில்லை. தமிழகத்தில் தகுதி என்பது ஊழியர் எண்ணிக்கை, நிதி ஒதுக்கீடு, வரிவிதிப்பு அதிகாரம் ஆகியவற்றோடு பிணைந்தது. எனவே அளவுகோலில் விடுபடுவது எதுவோ அது நடைமுறையிலும் விடுபடும்.

திருவண்ணாமலையில் விடுபடுவோர் வழிபட வரும் மக்கள். கணக்கெடுப்பு, வழக்கமாக வசிப்போரையே ஊரின் மக்கள்தொகையாகக் கொள்கிறது. ஆனால் முழுநிலவுதோறும் கிரிவலம் வருவோரும், கார்த்திகைத் தீபத்தன்று கூடுவோரும் இலட்சக்கணக்கினர். சொத்துவரி வீட்டையும் கடையையும் சார்ந்தது. பொது வழிபாட்டிடங்களுக்கு அவ்வரியிலிருந்து விலக்கு உண்டு. ஆகவே ஊரின் சுமைக்குக் காரணமான மையங்கள் ஊரின் வருவாய்க் கணக்கில் நேரடியாக இடம்பெறுவதில்லை. ஒரு சாராரை எண்ணி மறுசாராருக்கும் பணிசெய்ய வேண்டிய கடமை நகராட்சியின் மீது விழுந்தது. கிரிவலப் பாதையின் மீதமைந்த ரமணாசிரமப் பகுதியில் இம்முரண் அன்றாடம் காணத்தக்கது: அங்கு நடமாடுவோருள் பலர் எந்த ஊர்க் கணக்கிலும் அவ்விடத்தார் ஆகார்.

இதனால் பேராலய அளவுகோலே சிறந்தது என்னும் முடிவுக்கு வருதல் பொருந்தாது. பெயரை மட்டும் தரும் தகுதியால் திருவண்ணாமலைக்குப் பயன் விளையாது. வருவாய் அளவுகோலைத் தக்கவைத்துக்கொண்டே, வந்துசெல்வோர் எண்ணிக்கையையும் தரவரிசையின் காரணியாகச் சேர்ப்பதே முறை. அரசமைப்பின் 243-கியூ பிரிவு பிற காரணிகளுக்கு இடமளித்திருப்பதால் இதற்குப் புதிய சட்டத் திருத்தமும் தேவைப்படாது.

சொல்லாக்கச் சிக்கல்

தமிழ் ஆய்வுகளிலும் பாடநூல்களிலும் பிரித்தானிய நகரத் தகுதியை ‘மாநகரம்’ என மொழிபெயர்க்கும் வழக்கம் உண்டு. ‘மா’ என்னும் அடை பெருமை, பரப்பு இரண்டையும் சுட்டுவது. மாநகராட்சி என்னும் ஆட்சிச் சொல்லோடும் அது ஒலிக்கிறது. இதனால் வெல்ஸ் மாநகரம், ஜேம்ஸ்டவுன் மாநகரம் என எழுதும்போது, சில ஆயிரம் அல்லது சில நூறு மக்கள் வாழும் ஊர் சேலம், திருப்பூர் போன்றவற்றுக்கு இணையானதாகத் தோன்றிவிடுகிறது. மறுதலையாக, 2,00,000 மக்கள் வாழும் நார்தாம்ப்டனைச் ‘சிற்றூர்’ என்றோ ‘பேரூர்’ என்றோ எழுதுவதும் பிழையான படிமத்தைத் தரும்.

அரசாணையால் தகுதி பெற்றவற்றைப் ‘பட்டய நகர்’ என்றும், அத்தகுதி பெறாதவற்றை அளவு கருதாது ‘நகரம்’ என்றும், மக்கள்தொகையால் பெரியவற்றை மட்டும் ‘பெருநகரம்’ என்றும் வேறுபடுத்துவது இக்குழப்பத்தைத் தவிர்க்கும். ‘நகர்’ என்னும் குறுவடிவம் கோயிலையும் குறித்த சங்கச் சொல்லாதலின், பேராலயத்தால் தகுதி பெற்ற ஊர்களுக்கு அது மிகவும் பொருந்தும். ‘மாநகராட்சி’ என்பதைத் தமிழக உள்ளாட்சி அமைப்புக்கு மட்டும் உரியதாகக் கொள்ளலாம்.

முடிவுரை

பிரித்தானியாவில் நகரத் தகுதி ஆவணத்தாலும் பேராலயத்தாலும் அமைந்து, பெயரளவில் நிற்கிறது. ரோச்செஸ்டர் அதனை அறியாமலே இழந்தது. ஜிப்ரால்டர் அதனை அறியாமலே பெற்றிருந்தது. தமிழகத்தில் பிரித்தானியர் அறிமுகப்படுத்திய முறை வருவாயையும் குடிமக்கள் எண்ணிக்கையையும் சார்ந்து, அதிகாரத்தோடும் நிதியோடும் பிணைந்துள்ளது. 1886-இல் நகராட்சியாகி 2024-இல் மாநகராட்சியான திருவண்ணாமலை, இவ்வளவுகோலின் வலிமையையும் குறையையும் ஒருங்கே காட்டுகிறது. ரமணாசிரமப் பகுதியோ, எத்தகுதியும் இன்றியே ஓர் இடம் உலகறிய முடியும் என்பதற்கும், அவ்வாறு அறியப்பட்டதால் வந்துசேரும் மக்களை எண்ணும் முறை இன்னும் அமையவில்லை என்பதற்கும் சான்றாக உள்ளது. பழனி, திருச்செந்தூர், இராமேசுவரம், வேளாங்கண்ணி, நாகூர் முதலிய வழிபாட்டு ஊர்களின் உள்ளாட்சி வரலாறும் இந்நோக்கில் ஆராயப்படுமாயின், தமிழக நகர வரலாற்றில் கோயிலும் தர்காவும் தேவாலயமும் பெற வேண்டிய இடம் தெளிவுபெறும்.